காசிமேட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓவியம் வரைகிறவள். வயது 26. வீடு வட சென்னை மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேடு. அப்பாவை எங்கள் பக்கத்து வழக்கப்படி நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போட்டுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதுகிறவர். 2022 நவம்பரில், கவின் கலைக் கல்லூரியில் படிப்பு முடித்த அடுத்த வருடம், எனக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று சொன்னார்கள். நிணநீர் மண்டலத்தில் வருகிற புற்றுநோய். எனக்கு மூன்றாம் நிலை. அன்றிலிருந்து கல்மண்டபம் மார்க்கெட்டிலும் மெட்ரோவிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே கேள்விகளுக்கு ஒரே பதில்களைச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் இனி யாராவது கேட்கும்போது போனை நீட்டிவிடலாமே என்றுதான் இது.

எப்படி ஆரம்பித்தது? முன்னாடியே தெரியவில்லையா?

கழுத்தில் இடது பக்கம், தோள்பட்டை எலும்புக்கு மேலே பட்டாணி அளவில் ஒரு கட்டி. வலி கிடையாது. வலிக்காததால் நானும் கண்டுகொள்ளவில்லை. நெல்லிக்காய் அளவுக்கு வந்தபோது சாயங்காலக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. ராத்திரியில் தலையணை உறையைப் பிழிகிற அளவுக்கு வியர்த்தது. காசிமேட்டில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்று அதையும் விட்டுவிட்டேன்.

ஒரு கிளினிக்கில் காட்டினோம். கட்டி, காய்ச்சல், எடை குறைவு என்றதும் டாக்டர் டிபி என்றார். சந்தேகப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன், நம் ஊரில் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். ஆனால் கட்டியில் ஒரு ஊசிகூடக் குத்திப் பார்க்காமல் மூன்று மாதம் மாத்திரை கொடுத்தாரே, அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. டிபி மாத்திரைகளில் ரிஃபாம்பிசின் என்று ஒன்று உண்டு. அது சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். நானும் தினமும் காலையில் எழுந்து, மருந்து வேலை செய்கிறது என்று அந்த ஆரஞ்சைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். கட்டியோ வளர்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் வேறு இடத்துக்குப் போய், முழுக் கட்டியையும் எடுத்துப் பரிசோதித்தார்கள். இந்த நோய்க்கு ஊசியில் உறிஞ்சி எடுக்கிற துளி பல நேரம் போதாது. கட்டியையோ, அதில் ஒரு நல்ல துண்டையோ எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிட்டும் கட்டி கரையவில்லையா, ‘பயாப்ஸி எடுக்கலாமா டாக்டர்?’ என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வட சென்னைக் காற்றுதானே காரணம்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆற்றுக்குத் தெற்கே இருந்து வருகிறவர்கள். பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள்.

மணலி எண்ணெய் ஆலைகளின் வாடை, எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் எல்லாம் எங்களுக்குத் தெரியும். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, ஆட்கள் வாளியில் அள்ளியதைப் போய்ப் பார்த்தவள் நான். நான் ஒழுங்காக வரைந்த முதல் படமே அதுதான், வெறும் கறுப்பு மையில். காற்று மாசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2013ல் அறிவித்தது. ஆனால் எனக்கு வந்தது நுரையீரல் புற்றுநோய் இல்லை. ஹாட்ஜ்கின் 15 முதல் 35 வயதுக்காரர்களுக்கு அதிகம் வருகிற ஒன்று. சிலருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்பு இருக்கும். எனக்கு ஏன் வந்தது என்பதற்கு டாக்டரிடம் ஒற்றைக் காரணம் கிடையாது. காற்றைச் சுத்தப்படுத்தக் கேட்பதற்கு என் கழுத்துக் கட்டி தேவையில்லை. அதற்கு ஆயிரம் காரணம் ஏற்கெனவே இருக்கிறது.

கீமோ எப்படி இருந்தது?

ஏபிவிடி என்று பெயர். நான்கு மருந்துகளின் முதல் எழுத்துகள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் 12 முறை. டிசம்பரில் தொடங்கி மே மாதம் முடிந்தது.

வாந்தி, அசதி, வாயில் இரும்பு ருசி எல்லாம் உண்டு. துறைமுகத்துக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு மீன் வாடையே ஆகாமல் போன கொடுமையும் உண்டு. அதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது நிறங்களை.

முதல் மருந்து ஏட்ரியாமைசின். ரோஸ் சர்பத் நிறம். நர்ஸ் அக்கா பெரிய சிரிஞ்சில் வைத்துக் கையாலேயே மெதுவாக ஏற்றுவார். அன்று சிறுநீர் சிவப்பாகப் போகும். ஆரஞ்சில் தொடங்கி சிவப்புக்கு வந்து சேர்ந்தேன் பாருங்கள். மருந்துக்கு ஏன் இந்த நிறம் என்று கேட்டேன். இத்தாலியில் மண்ணில் கிடைத்த, சிவப்புச் சாயம் சுரக்கிற ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டுபிடித்தார்களாம். அங்கேயிருக்கிற ஏட்ரியாட்டிக் கடலின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்கள். நைனாவிடம் சொன்னேன். “கடல் பேரா? அப்ப வாந்தி வராம இன்னா பண்ணும்?” என்றார். நாற்பது வருடமாகப் போட்டுக்குப் பெயர் எழுதுகிறார், ஆனால் ஏறினால் அவருக்குத் தலை சுற்றும்.

நான்காவது மருந்து டகார்பசின். அதற்கு வெளிச்சம் ஆகாது. பாட்டிலுக்குக் கறுப்பு உறை போட்டு மாட்டுவார்கள். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற ஒன்றை உடம்புக்குள் அனுப்பிக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் வெளிச்சம் பார்த்து வரைந்துகொண்டிருப்பேன்.

இரண்டாவது, பிளியோமைசின். நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க இரண்டு மாதம் கழித்து எடுத்த பெட் ஸ்கேன் நன்றாக இருந்ததால் அதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். மூன்றாவதுக்கு ஒரு தனிக் கேள்வியே இருக்கிறது.

நித்தியகல்யாணிக் கஷாயம் குடித்தால் கேன்சர் போய்விடுமாமே?

வாட்ஸ்அப்பில் எனக்கு இந்தச் செய்தியை அனுப்பாதவர்கள் யாரும் இல்லை. பாதி உண்மை என்பதுதான் இதில் தொல்லை.

மூன்றாவது மருந்தான வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வருவதுதான். 1958ல் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். முதலில் சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்றுதான் இலையைப் பார்த்தார்களாம். சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. அங்கிருந்து புற்றுநோய்க்குப் போனார்கள். ராயபுரம் ரயில்வே காம்பவுண்டு ஓரத்தில், கல்லிடுக்கில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்துக் கிடக்கிறதே, அதே செடி. சில இடங்களில் சுடுகாட்டுப் பூ என்பார்கள், வீட்டில் வைக்கக் கூடாது என்பார்கள்.

ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்தால் மருந்து வராது. அந்தச் செடியில் இருக்கிற மற்ற நஞ்சுகள்தான் வரும். கீமோவோடு சேர்த்துக் குடித்தால் ஈரலுக்கு என்ன ஆகும் என்று டாக்டர் சொன்ன விதத்தில் என் ஆயாவே பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார். குடிக்காதீர்கள்.

வரையலாம். நான் அந்தப் பூவை 60 தடவைக்கு மேல் வரைந்திருக்கிறேன். ஐந்து இதழும் காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். அதைப் பிடிப்பது லேசில்லை.

ஆஸ்பத்திரியில் வரைய விட்டார்களா?

விட்டார்கள். டே கேர் நாற்காலியில் ஐந்தாறு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பவளை யார் தடுக்கப்போகிறார்கள்? நாற்காலியின் கைப்பிடி மேல் வைக்கிற அளவில் 40 பக்க அன்ரூல்டு நோட்டு, நீலப் பால்பாயின்ட் பேனா. அவ்வளவுதான். அந்தக் காலத்துப் படங்கள் எல்லாம் ஏன் சின்னது என்று ஒருவர் கேட்டு, ‘நெருக்கத்தின் அழகியலா?’ என்று அவரே பதிலும் சொன்னார். நாற்காலிக் கைப்பிடி அவ்வளவுதான் அகலம் சார்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மருந்து ஏற்ற கையில் நீளக் குழாய் வைப்பார்கள், பிக் லைன் என்று பெயர். எந்தக் கையால் வரைகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நான் வலது கைக்காரி என்று சொல்லி இடது கையில் வைக்கச் சொன்னேன்.

இன்னொன்றும் நடந்தது. என் கட்டியின் ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா என்று கேட்டேன். நோட்டைப் பார்த்துவிட்டு, நோய்க்கூறு பிரிவில் படித்துக்கொண்டிருந்த ஒரு இளம் டாக்டர் கூட்டிப் போனார். கண்ணாடியில் இருந்தது ஒரு துணிக்கடை. ஊதாவும் இளஞ்சிவப்பும். ஊதா, ஹீமடாக்சிலின் என்ற சாயம். மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுப்பது. இளஞ்சிவப்பு, ஈயோசின். சிவப்பு மசியிலும் போட்ட சாயம் அது. சாயம் ஏற்றாவிட்டால் திசு நிறமே இல்லாமல் இருக்குமாம். அந்த ஊதாப் பொடிகளுக்கு நடுவே பெரிதாக ஒரு செல், இரண்டு உட்கருக்களோடு, ஆந்தை முழிப்பதுபோல என்னைப் பார்த்தது. ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்று பெயர். அதைப் பார்த்துத்தான் ஹாட்ஜ்கின் என்று உறுதிசெய்கிறார்கள். நான் அழுவேன் என்று அந்த டாக்டர் எதிர்பார்த்திருப்பார் போல. நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நோய் வந்த பிறகு உன் பாணியே மாறிவிட்டதே, அது ஞானமா?

நரம்பு.

வின்பிளாஸ்டின் விரல் நுனி நரம்புகளைத் தாக்கும். நான்காவது மாதத்தில் விரல்களில் எறும்பு ஊர ஆரம்பித்தது. அப்புறம் மரத்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஐந்து ரூபாய் நாணயம் எது, இரண்டு ரூபாய் எது என்று தடவினால் தெரியாது. தூரிகை கையில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அதற்கு முன் நான் மெல்லிய மசிக்கோடுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வரைகிறவள். கல்லூரியில் அதற்குத்தான் பேர் வாங்கியிருந்தேன். அது ஒரே மாதத்தில் போயிற்று. அந்த மாதம் நான் யாரிடமும் பேசவில்லை. முடி போனபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

ஒரு நாள் நைனா பழைய சைக்கிள் ட்யூபை வெட்டித் தூரிகைக் காம்பில் சுற்றிக் கொடுத்தார். தடிமனானதும் பிடிமானம் வந்தது. அப்புறம் தன் குச்சியையும் கொடுத்தார். எழுத்து எழுதுகிறவர்கள் கையை ஊன்ற வைத்திருப்பது, நுனியில் துணி சுற்றிய பிரம்பு. இடது கையில் அதைச் சுவரில் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்து எழுதுவார்கள். “வெரல்ல எழுதாத கண்ணு, தோள்ல எழுது. வெரலு சும்மா கூட வரட்டும்” என்றார். ஆறடி எழுத்தை ஒரே இழுப்பில் இழுக்கிறவர் சொல்கிறார். கல்லூரிக்குப் போன பிறகு நைனா செய்வது தொழில், நான் செய்வது கலை என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. வெளியே சொன்னதில்லை, அவருக்குத் தெரியாமலும் இருந்திருக்காது.

தோளிலிருந்து வரைந்தால் கோடு தடிக்கும், நீளும், வளைவு பெரிதாகும். இப்போது நீங்கள் பார்க்கிற பாணி அதுதான். விரல்களுக்கு உணர்வு முக்கால்வாசி திரும்பிவிட்டது, ஆனால் நான் பழைய கோட்டுக்குத் திரும்பவில்லை. குச்சியும் என்னிடம்தான் இருக்கிறது. நைனா வேறு செய்துகொண்டார்.

சாயம், டர்பன்டைன் எல்லாம் சிகிச்சையின்போது பயன்படுத்தலாமா?

உங்கள் டாக்டரைக் கேளுங்கள், நுரையீரலைப் பாதிக்கிற மருந்து ஓடும்போது கட்டாயம் கேளுங்கள். எனக்கு டர்பன்டைன், எனாமல், ஸ்ப்ரே, கரித்தூள் நான்கையும் நிறுத்தச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் அந்த வாடைக்கு நான் பக்கத்தில் போயிருக்க மாட்டேன். களிமண்ணும் கூடாது. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது மண்ணில் இருக்கிற பூஞ்சை ஆபத்து. பென்சிலைப் பிளேடால் சீவாதீர்கள், ஷார்ப்னர் வாங்குங்கள். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் படத்தைப் பாதியில் போட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ‘விடியட்டும்’ என்று இருக்கக் கூடாது. மற்றபடி வாட்டர் கலர், போஸ்டர் கலர், பேனா எல்லாம் ஓடும்.

முடி?

வந்துவிட்டது. சுருட்டையாக.

ஓவியம்தான் உன்னைக் குணப்படுத்தியது, இல்லையா?

இல்லை. மருந்து குணப்படுத்தியது. இதை நான் கோபமாகச் சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். கோபம்தான். ஒரு மேடையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘தூரிகையால் நோயை வென்றவர்’ என்று அறிமுகம் செய்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் கீமோ ஏற்றிக்கொண்ட ஒரு தம்பி என்னைவிட நன்றாக கானா பாடுவான். அடுத்த தெரு, 19 வயது, வேறு வகைக் கட்டி. அவன் போய்விட்டான். அப்படியென்றால் அவன் சரியாகப் பாடவில்லை என்றா அர்த்தம்?

வரைவதால் என்ன கிடைத்தது என்று கேட்டால் சொல்கிறேன். அன்றைக்கு ஒரு வேலை இருந்தது. மருந்து சொட்டுகிற ஆறு மணி நேரத்தில் நான்கு பக்கம் முடிந்தால், அன்று வேலைக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

செலவுக்கு என்ன செய்தீர்கள்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம், ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்து வையுங்கள். அடையாறில் 1954ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையமும், அரசு பொது மருத்துவமனைகளும் நம்மைப் போன்றவர்களுக்காகவே இருக்கின்றன. திட்டத்தில் அடங்காத செலவு வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் கூட வருகிறவரின் கூலிக்கும்தான். என்னோடு வந்த நாளெல்லாம் நைனாவுக்கு வேலை இல்லை. நான் போன் பேசி வாங்கிய கல்யாணப் பத்திரிகை டிசைன்களும், ஒரு ஜிம் சுவருக்கு வரைந்து கொடுத்த அனுமார் ஸ்கெட்சும் அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தன. கலைஞர்கள் இந்த மாதிரி வேலைகளை வெளியே சொல்வதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

கல்யாணம்?

கேட்பவர் உண்மையில் கேட்பது குழந்தை பிறக்குமா என்று. அதை என் டாக்டரிடம் நான் பேசிவிட்டேன், அத்தை. உங்களிடம் பேசப்போவதில்லை.

ஆனால் இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். ஆண்கள் விந்தணுவையும் பெண்கள் கருமுட்டையையும் சேமித்து வைக்க வழி இருக்கிறது. கீமோ ஓட ஆரம்பித்த பிறகு கேட்டால் காலம் தாழ்ந்துவிடும். வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தால் டாக்டரும் சில நேரம் சொல்ல மறந்துவிடுவார்.

இப்படி வரைந்த பெரிய ஓவியர்கள் யாராவது இருக்கிறார்களா?

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ். 1941ல், 71 வயதில், குடலில் வந்த புற்றுநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை. அதன் பிறகு படத்தை நிறுத்தி வைக்கிற தாங்கி முன் நின்று வரைய முடியவில்லை. சாயம் பூசிய காகிதங்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் உட்கார்ந்தபடி கத்தரிக்கோலால் வெட்டினார், 1954ல் இறக்கும்வரை. நீண்ட மூங்கிலின் நுனியில் கரிக்கட்டியைக் கட்டிச் சுவரிலும் வரைந்தார். அந்தப் போட்டோவை நைனாவிடம் காட்டினேன். “குச்சி வெச்சிக்கினு எழுதறாரு, நம்மாளுதான்” என்றார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். மத்தீஸுக்குக் காகிதத்தில் சாயம் பூசவும் சுவரில் குத்தவும் உதவியாளர்கள் இருந்தார்கள். எனக்கு இருந்தது ப்ளஸ் டூ படிக்கிற தம்பி, அவனும் ஒரு பிரியாணிக்குத்தான் வருவான்.

பார்க்க வரும்போது என்ன வாங்கி வரலாம்?

ஹார்லிக்ஸ் வேண்டாம், வீட்டில் ஆறு பாட்டில் இருந்தது. பூ, வெட்டிய பழம் வேண்டாம். சளி இருந்தால் நீங்களே வேண்டாம். ஓவியம் வரைகிறவருக்கு வண்ணம் தீட்டும் புத்தகம் வாங்கி வராதீர்கள், அது தச்சருக்குக் குச்சி ஐஸ் குச்சி கொடுப்பது மாதிரி. பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ, அதுதான் பர்மா நூடுல்ஸ், வேண்டும் என்று எனக்கு ஆறு மாதமும் உயிர் போயிற்று. வெளிச் சாப்பாடு கூடாது. கடைசி கீமோ முடிந்து ரத்த அணுக்கள் சரியான பிறகு ஒரு தோழி வாங்கி வந்தாள். அவளுக்கு ஒரு படம் கொடுத்தேன்.

இப்போது என்ன செய்கிறாய்?

மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்றிருந்த செக்கப் இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நடுவில் வேலை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. போட்டுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்துச் சாயம் அடிக்கிற காலம் அதுதான், நைனாவுக்கு வருடச் சம்பாத்தியமும் அதில்தான். 2023 தடைக்காலத்தில் நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 2024ல் மாஸ்க் போட்டுக்கொண்டு போய் ஒரு போட்டுக்கு இரண்டாவது கோட் அடித்தேன். இந்த வருடம் ஒரு போட் முழுவதும் எனக்கே கொடுத்தார். சாக்பீஸ் தூள் தேய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து அடித்துக் கோடு போட்டோம், அப்புறம் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். பெயர், எண், பக்கவாட்டில் ஒரு பூவரிசை. பூ என் இஷ்டம் என்றார் போட்டுக்காரர். ஐந்து இதழும் ஒரே பக்கமாகத் திரும்பியதை வரைந்தேன். போட்டுக்காரரின் அம்மா வந்து பார்த்துவிட்டு, இது சுடுகாட்டுப் பூ ஆச்சே, கடலுக்குப் போகிற போட்டில் போடலாமா என்று சண்டைக்கு வந்தார். இது மருந்துப் பூ ஆயா என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் நடுவில் மஞ்சள் வைத்துச் செம்பருத்தியாக மாற்றச் சொன்னார். மூன்றைத்தான் மாற்றினேன். பின்பக்கம் இருக்கிறது அவருக்குத் தெரியாது.